பாலில் நான் கலந்தது

சில ஆண்டுகளுக்கு முன், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், உச்சி வெயில் நேரத்தில் நடந்தது இது. மதுரைக்கு மேற்கே, பரவையைத் தாண்டி, திண்டுக்கல் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்மாய். சித்திரையில் அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது; வெடித்த மண்ணும் கருவேல மரங்களும்தான். நான் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தெருவில் என்னை 'சாரு' என்பார்கள். பேய், பில்லி, சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே மடக்கி வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்தான் பேய் வந்தது.

அந்த ஆண்டு தை மாதம், வெளியூரில் வேலை பார்க்கிற மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் உசிலம்பட்டிப் பக்கம். மணமக்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பாலும் பழமும் கொடுப்பது எங்கள் வழக்கம். வாழைப்பழத்தைப் பிசைந்து, பாலும் சீனியும் சேர்த்து என் மனைவி ஊட்டினாள். பெண் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஆனால் விழுங்கவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடியே கொல்லைப்பக்கம் போய்த் துப்பினாள். பிறகு வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள்.

அதை என் கொழுந்தியாள் பார்த்துவிட்டாள். என் மனைவியின் தங்கை. அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறாள். அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி.

"யக்கா, வந்த கால்லயே துப்புறா. நல்லா விசாரிச்சுத்தான் எடுத்தீங்களா?"

"பழம் புடிக்காதாம்டி."

"பழம் புடிக்காதவ இருப்பா. பாலும் பழமும் புடிக்காத பொண்ணு எங்கயாச்சும் இருக்காளா?"

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எதைச் சாப்பிடுவதற்கு முன்னாலும் முகர்ந்து பார்ப்பாள். யாருக்கும் தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டு, ஒரே ஒரு மூச்சு. சோறு, பருப்பு, முட்டை, கறி, தயிர் எல்லாம் சாப்பிடுவாள். பழம் தொட மாட்டாள். காபி, டீ கிடையாது. கோயிலில் கொடுக்கிற பஞ்சாமிர்தத்தைக் கையில் வாங்கி, வழியில் ஏதாவது மரத்தடியில் வைத்துவிட்டு வருவாள். எங்கள் சமையலறையில் எந்த டம்ளரை வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் எறும்பு வரிசை கட்டிவிடும். அவள் குடித்து வைத்த டம்ளரை மட்டும் எறும்பு சுற்றிக்கொண்டு போகும். இதை முதலில் கவனித்துச் சொன்னவள் என் மனைவி. நான் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து நானும் பார்த்தேன். உண்மைதான், சுற்றிக்கொண்டுதான் போயின.

பற்களைப் பற்றியும் பேச்சு வந்தது. அவள் சிரித்தால் ஒரு கறை, ஒரு சொத்தை கிடையாது. "அம்புட்டும் அச்சுல ஊத்துன மாதிரி இருக்குக்கா. மனுசப் பல்லா அது?" என்றாள் கொழுந்தியாள். அழகான பல்லைக்கூட ஒருத்தியின் மேல் குற்றமாகச் சாட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பங்குனி மாதம் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரம். என் மனைவி முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தாள்.

"என்னங்க, இனிப்பே ஆகாதுன்னு சொன்ன புள்ள, இருட்டுக்குள்ள கட்டில்ல உக்காந்து வெள்ளையா எதையோ அள்ளித் திங்குது. நான் நிக்கிறது கூடத் தெரியல. கை நடுங்குது."

நான் போய் விளக்கைப் போட்டேன். அவள் பதறி எழுந்தாள். மடியில் ஒரு டப்பா. உதட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி.

"என்னாத்தா இது?"

"குளுக்கோஸ் மாமா. வெறும் குளுக்கோஸ். சில நேரம் படபடன்னு வரும். இதத் திண்டா சரியாயிரும்."

"இனிப்பு ஆகாதுன்ன?"

"இந்த இனிப்பு மட்டும் ஆகும் மாமா. சீனி, கருப்பட்டி, தேனு, பழம் எதுவுமே ஆகாது. சின்னப்புள்ளையில ரெண்டு தடவ வலிப்பு வந்து, ஈரல் வீங்கி, பொழைக்க மாட்டேன்னுட்டாங்களாம். பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டர்தான் கண்டுபிடிச்சாரு. என்னமோ பேரு சொன்னாராம், அம்மாவுக்கு அதச் சொல்லத் தெரியல. கல்யாணம் பேசும்போது இதச் சொன்னா யாரும் கட்ட மாட்டாங்கன்னு மறைச்சிட்டாங்க."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நான் யோசித்தேன். சீனியின் ஒவ்வொரு மூலக்கூறிலும் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் ஒத்துக்கொள்கிறது என்றால் மிச்சப் பாதிதான் ஆகவில்லை. தேனிலும் பழத்திலும் இருப்பதும் அதே ஃப்ரக்டோஸ். கணக்கு சரியாக வந்தது. பிறவியிலேயே வருகிற அந்தக் குறைபாட்டின் பெயரைக்கூட ஒரு புத்தகத்தில் தேடிப் பிடித்து அவளிடம் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

"நீங்க ஒருத்தராவது நம்புனீங்களே மாமா."

கவனியுங்கள், இதுவரை நான் செய்தது எல்லாம் சரி. அதுதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அழகர் இறங்குவதைப் பார்க்க முந்தின நாள் சாயங்காலமே ஆற்றுக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சாலையோரம் பந்தல் போட்டுப் பானகம் ஊற்றுவோம். வெல்லத்தைக் கரைத்து, புளி, சுக்கு, ஏலக்காய் போட்டு, அண்டா அண்டாவாக. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் சாமியைக் கும்பிட்டு முதல் டம்ளரைக் குடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். சொந்தபந்தம் மொத்தமும் சுற்றி நிற்கும். அந்தச் சித்திரையில் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்று தோன்றியது. "பாப்போம், சாமி பானகத்தையும் துப்புறாளான்னு" என்று கொழுந்தியாள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

நேரே சொல்லியிருக்கலாம். இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு நோய், பானகம் குடித்தால் உயிருக்கு ஆபத்து, முதல் டம்ளரை என் மனைவி குடிக்கட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் தெருவே அடங்கும். ஆனால் சொன்னால், நோய்க்காரியை ஏமாந்து கட்டிக்கொண்டோம் என்று ஆகிவிடும் அல்லவா? அந்தக் கௌரவம் எனக்குப் பெரிதாக இருந்தது. என் மனைவியிடம்கூட அது ஏதோ சத்துக் குறைவுக்கான பொடி என்றுதான் சொல்லியிருந்தேன். அதோடு, ஒரு புத்திசாலித்தனமான வழி இருக்கும்போது எதற்கு வெட்டவெளிச்சமாக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

நான் நீரிழிவுக்காரன். சீனிக்குப் பதிலாகப் போடுகிற பொருட்கள் எனக்குப் பழக்கம். சிம்மக்கல்லில் மிட்டாய்க் கடைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடையில் சார்பிட்டால் என்று ஒரு பாகு கிடைக்கும். பார்க்கத் தண்ணீர் மாதிரி, தொட்டால் தேன் மாதிரி. நிறமில்லை, வாசனையில்லை, இனிப்பு உண்டு. அதைக் குளுக்கோஸிலிருந்துதான் செய்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று நானே கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகள் எழுதிப்போட்டிருக்கிறேன். குளுக்கோஸ் அவளுக்கு ஆகும். குளுக்கோஸிலிருந்து வருவது மட்டும் ஏன் ஆகாது? அந்தப் பாகில் புளியும் சுக்கும் போட்டு அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளர் பானகம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

"சுகருக்கா சாரு?" என்றார் கடைக்காரர். "கொஞ்சமா ஊத்துங்க. எங்க மாமனாரு ஆசப்பட்டு ஒரு கிண்ணம் குடிச்சிட்டு, பொழுதன்னைக்கும் கக்கூஸ விட்டு வெளிய வரல."

சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். மருமகளிடம் விவரம் சொன்னேன். அவள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு சொட்டு விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். வாயில் வைக்கவில்லை.

"வேணாம் மாமா. நான் புதுசா எதையும் தொடுறதில்ல."

"நான் படிச்சவன் சொல்றேன் தாயி. இதுல ஃப்ரக்டோஸ் துளி கிடையாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் பயமா இருக்கு. நாளைக்கு ஏதாச்சும் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிறேன் மாமா."

அதோடு விட்டிருக்க வேண்டும். அவள் மாட்டேன் என்று சொன்னதை நான் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பயம் என்று எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் பட்ட அடி, மனதில் உட்கார்ந்துவிட்டது. தெரியாமல் கொடுத்து, ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்தேன்.

மறுநாள், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள். காலையிலிருந்து வீட்டில் வெல்லம் தட்டுகிற சத்தம். கொல்லையில் அண்டாவில் பானகம் கரைத்து வேட்டித்துணியால் மூடி வைத்திருந்தார்கள். வீடு முழுக்க வெல்ல வாசனை. தேனீக்களும் ஈக்களும் துணி மேல் அப்பிக்கொண்டிருந்தன. மருமகள் விடியற்காலையிலிருந்து வேலை. சரியாகச் சாப்பிடவில்லை. விஷயம் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, முற்பகலில் ஒரு டம்ளர் பாலில் குளுக்கோஸ் போட்டுக் குடிப்பாள். அதை மட்டும் முகர்ந்து பார்க்க மாட்டாள். அது அவள் கையாலேயே கலந்துகொள்வது.

"நீ வேலையப் பாரு தாயி. பால நான் கலந்து எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

ஒரு கரண்டி குளுக்கோஸ் போட்டேன். மிச்ச இனிப்புக்குப் பாகை ஊற்றினேன். கொஞ்சம்தான் ஊற்ற நினைத்தேன். சோதனை என்றால் உறுதியாகத் தெரிய வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினாள். முதல் வாய் குடித்ததும் ஒரு கணம் நின்றாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பாதிக்கு மேல் குடித்துவிட்டு, "போதும் மாமா" என்று வைத்துவிட்டுப் போனாள்.

நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். அவள் நடமாட்டத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். பாத்திரச் சத்தம், வளையல் சத்தம், யாருக்கோ பதில் சொல்கிற சத்தம். ஒன்றும் ஆகவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம். சாயங்காலம் பந்தலுக்குக் கிளம்பும் முன் அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கூட அடுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

உச்சி வேளை. வெளியே ஒரு காக்கை கூட இல்லை. அப்போதுதான் வளையல் சத்தம் கேட்டு ரொம்ப நேரமாகிவிட்டது என்று உணர்ந்தேன். அதே நேரம் கொல்லையிலிருந்து கொழுந்தியாளின் குரல்.

"யக்கா! இங்க வாயேன்! வெரசா வா!"

பின்வாசலுக்கு அந்தப் பக்கம், கண்மாயின் வெடித்த மண்ணில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள் மருமகள். அந்த மண்ணில் கால் வைத்தால் கொப்புளம் போட்டுவிடும். அவள் அசையாமல் நின்றாள். ஈரத் துணி ஒன்று கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. உதடு தானாக அசைந்தது. என் மனைவி ஓடிப்போய்க் கையைப் பிடித்தவள், சூடு பட்டவள் மாதிரி விட்டுவிட்டாள்.

"ஐயோ, சில்லுன்னு இருக்கே!"

நானும் தொட்டேன். சித்திரை வெயிலில் நிற்கிற உடம்பு கிணற்றுக் கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. வியர்வை கழுத்திலிருந்து வழிந்துகொண்டிருந்தது. திடீரென்று குனிந்து வாந்தி எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, சின்னப் பெண் மாதிரி ஒரு குரலில், "நான் வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

"எந்த வீட்டுக்குடி?" என்றாள் கொழுந்தியாள், பத்தடி தள்ளி நின்றுகொண்டே.

அவள் அழுதாள். பிறகு சிரித்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் படுக்க வைத்தார்கள். அந்த நிமிடம் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன். நான் சமையலறைக்குப் போனேன். டம்ளரில் மிச்சமிருந்த பாலைச் சாக்கடையில் ஊற்றினேன். டம்ளரைக் கழுவினேன், இரண்டாவது முறையும் கழுவினேன். பாகு பாட்டிலை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

வருவதற்குள் கூடத்தில் உடுக்கை ஒலித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருக்கோடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். பரம்பரையாகக் கோடாங்கி பார்க்கிறவர். கொழுந்தியாள் ஆளனுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டுத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வெல்ல வாசனையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. மருமகளின் தலைமுடியை அவிழ்த்து என் மனைவி கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"யாரு நீ? எங்கிருந்து வார?"

 உடம்பு முழுக்க நடுக்கம்.

"எதுக்கு இந்தப் புள்ளையப் புடிச்ச? என்ன வேணும், சொல்லு!"

அவள் தலையைத் திருப்பினாள். புகைக்குள் கண் எதையோ தேடியது. கதவோரம் நின்ற என்மேல் வந்து நின்றது. கையைத் தூக்கி விரலை நீட்டினாள்.

"பாலு..." என்றாள். "பாலு..."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "பச்சப்புள்ளையோட செத்தவ யாரோ. பாலு கேக்குறா" என்றாள் கொழுந்தியாள். எல்லோரும் கண்மாய்ப் பக்கம் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.  பேயை நம்பாத நான், அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்துபோய் நின்றேன். அந்த விரல் எதைக் காட்டுகிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கோடாங்கி சொன்னார், "அழகருக்குக் கரைச்ச பானகம் இருக்குல்ல? ஒரு வாய் ஊத்துங்க. உள்ள இருக்கது சாமி பானகத்தத் தாங்காது. துப்புச்சுன்னா தெரிஞ்சு போகும்."

கொழுந்தியாள் டம்ளர் நிறைய மொண்டுகொண்டு வந்தாள். ஒருத்தி மூக்கைப் பிடித்தாள். ஒருத்தி தாடையை அழுத்தினாள். டம்ளர் உதட்டில் பட்டது. அந்த நிலையிலும் அந்தப் பெண் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தாள். எறும்பு கூடத் தொடாத அந்த வாய், உடம்பு எல்லாவற்றையும் மறந்த பிறகும், அதை மட்டும் மறக்கவில்லை. பானகம் பல்லிடுக்கில் பட்டு வெளியே வழிந்தது.

"துப்புது! துப்புது!"

நான் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டேன். அது சுவரில் போய் விழுந்தது.

"வாயில எதையும் ஊத்தாதீங்க! செத்துப்போவா! இது பேயில்ல, ரத்தத்துல சர்க்கரை இறங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

அவ்வளவுதான் சொன்னேன். ஏன் இறங்கியது என்பதைச் சொல்லவில்லை. குளுக்கோஸ் டப்பாவை எடுத்துவந்து, பொடியை ஈர விரலில் தொட்டு அவள் ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். விழாக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கடைசியில் அந்தக் கோடாங்கியின் லோடு ஆட்டோவில், காய்கறிச் சாக்குகளின் மேல் அவளைப் படுக்க வைத்துக்கொண்டு போனோம்.

பெரிய ஆஸ்பத்திரி இல்லை. வழியில் இருந்த ஒன்று. ஒரு பெண் டாக்டர், என் மாணவிகள் வயதிருக்கும். பரிசோதித்த உடனே குளுக்கோஸ் ஏற்றினார். "சுகர் ரொம்பக் கீழ போயிருச்சு. கடைசியா என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். "பாலு மட்டும்தான்" என்றாள் என் மனைவி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் வெளியே வந்ததும் பின்னாலேயே போய், பழைய மருத்துவ விவரத்தையும் பாகையும் சொன்னேன். அங்கேயும், தெரியாமல் கை மாறி ஊற்றிவிட்டேன் என்றுதான் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், சார்பிட்டால் உடம்புக்குள்ள போனா ஈரல்ல அது ஃப்ரக்டோஸா மாறும். இவங்களுக்கு அதுவும் சீனியும் ஒண்ணுதான்."

"அதக் குளுக்கோஸிலிருந்துதானே செய்றாங்க" என்றேன், அப்போதும்.

"அது ஃபேக்டரியில சார். உடம்புல வேற."

பிறகு பொறுமையாகச் சொன்னார். சீனிக்குப் பதிலாக வருகிற எல்லாமே இவளுக்கு விஷம் இல்லையாம். சிலவற்றுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் சம்பந்தமே கிடையாதாம். ஆனால் அதையே பொடியாக, மாத்திரையாக ஆக்கும்போது கூட எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்காமல், டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சார்பிட்டாலும் அதன் இனத்தைச் சேர்ந்த சிலவும் சர்க்கரையில்லாத மிட்டாயில் இருக்கும், சூயிங்கத்தில் இருக்கும், இருமல் மருந்தில் இருக்கும், சில பற்பசையில் கூட இருக்கும். "சர்க்கரை இல்லாததுன்னு டப்பா மேல போடுறது உங்கள மாதிரி சுகர்காரங்களுக்காக சார். இவங்கள நெனச்சு யாரும் எழுதல."

ஈரல் தேற நாளானது. அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் நாங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். மகன் வேலை பார்க்கிற ஊரிலிருந்து ஓடிவந்து, இரவு பகல் கூடவே இருந்தான். ஒரு மாலை அவன் மருந்து வாங்கப் போன நேரம், அவள் கண் விழித்துக்கொண்டு கிடந்தாள். நானும் அவளும் மட்டும்.

"மாமா, பாலு வழவழன்னு இருந்துச்சு. குடிச்சதும் வாயில வேற மாதிரி ஒரு இனிப்பு நின்னுச்சு. மொத வாயிலயே தெரிஞ்சிருச்சு."

நான் கேட்டேன். "பெறகு ஏன் குடிச்ச தாயி?"

"வீட்டுக்குள்ள ஒரு ஆளு குடுக்குறதையாச்சும் சந்தேகப்படாம வாங்கிக் குடிக்கணும்னு நெனச்சேன்."

பிறகு அவளே சொன்னாள். "அவருகிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு. எனக்கு என்னமோ வந்துச்சு, போயிருச்சு. அப்படியே இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவள் வீடு திரும்பியபோது வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கியது. உச்சி வேளையில் கண்மாயில் நின்றாள், பாலு கேட்டாள், சாமி பானகத்தைத் துப்பினாள் என்று கதை ஊர் சுற்றி முடித்திருந்தது. அவள் தெருவில் நடந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள். பூக்காரம்மா அவள் கையில் பூவைக் கொடுக்காமல் திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். சொந்தக்காரர் கல்யாணத்தில் மணப்பெண் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று நைசாகச் சொன்னார்கள். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. சொல்லலாம், சொல்லலாம் என்று நானும் இருந்தேன்.

கொழுந்தியாளின் பேத்தியைத் தொட்டிலில் போடுகிற விசேஷம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழந்தை அழுதது. பக்கத்தில் இருந்த மருமகள் இயல்பாகக் கையை நீட்டினாள். கொழுந்தியாள் சட்டென்று குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீ தூக்காத தாயி. தப்பா நெனைக்காத. பச்சப்புள்ள பாரு."

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. அதை எப்படி மடக்குவது என்று அவளுக்கே தெரியவில்லை. நான் எச்சில் கையோடு எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாகு வாங்கியது, அவள் வேண்டாம் என்றது, நான் பாலில் கலந்தது, டம்ளரைக் கழுவியது, ஒன்று விடாமல் சொன்னேன்.

 கொழுந்தியாளின் கண் கலங்கியது.

"மச்சான், நீங்க எம்புட்டு நல்லவருன்னு எங்களுக்குத் தெரியாதா? அதுக்காக இப்படியா பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறது?"

"நான்தான் செய்தேன்!" என்று கத்தினேன்.

"சரி சாரு, உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார் ஒருவர், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். இன்னொரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது கேட்டது. "இந்த மாதிரி மாமனாரு யாருக்குடி கெடைப்பாரு?"

கோடாங்கியைச் சாட்சிக்கு இழுத்தேன். அவர், "பானகத்தத் துப்புனத நான் என் கண்ணால பாத்தேனே சாரு" என்றார். டாக்டரைக் கேளுங்கள் என்றேன். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. ஒருவன் மட்டும் நம்பினான். என் மகன் இலையை மூடிவிட்டு எழுந்து தன் மனைவியைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மாதமே அவன் வேலை பார்க்கிற ஊரில் வீடு பார்த்துக் குடிபோனார்கள். எப்போதாவது போன் செய்வான். அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்பான்.

அன்றைக்கு, அந்தப் புகை மூட்டத்தில், அவள் விரல் என்னைக் காட்டியபோதே நான் வாயைத் திறந்திருந்தால் தெரு என்னைக் காறித் துப்பியிருக்கும், அவள் தலை நிமிர்ந்து நடந்திருப்பாள். இப்போதும் தெருவில் என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். அவள் வந்துபோகிற நாளில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைக்கிற அந்த மரியாதை முழுக்க அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்பதை, திருப்பிக் கொடுக்கப் போனாலும் யாரும் வாங்கிக்கொள்ளாத இந்த வயதில், ஒவ்வொரு வணக்கத்துக்கும் கை தூக்கும்போது உணர்கிறேன்.